வெறும் பெல்ட்

மச்சான் சிங்கப்பூர் கிளம்புகிறார். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 90 கிலோமீட்டர்.

இரண்டு பெட்டி. ஒன்றில் முழுக்க மணகோலம், சீப்புச் சீடை, மசாலாப் பொடி. கைத்தராசில் தொங்கவிட்டால் 29.6 கிலோ.

விமான நிலையத்து பெல்ட் 30 கிலோவை 4 மீட்டர் உயரம் ஏற்ற எவ்வளவு சக்தி? டிக்கெட் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். 30 × 9.8 × 4. 1,176 ஜூல். 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு நிமிஷம் எரிகிற அளவு.

அவ்வளவுதானா என்று மறுபடி போட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் பெல்ட்டைச் சுற்ற, ஒரு கிலோவாட் இழுக்கிற மோட்டார் ஒரு நிமிஷம் ஓடினால் 60,000 ஜூல்.

பெல்ட், அடியில் உள்ள தகட்டில் உரசிக்கொண்டே போகிறது. மேலே பெட்டி இல்லாவிட்டாலும் அந்த உரசல் உண்டு. கியர் பெட்டிச் சூடும் உண்டு.

வேறொரு ஊர் விமான நிலையம், பின்னிரவு. கடைசிப் பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார்கள். பெல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

நல்ல அமைப்பில் பெல்ட் ஓரம் நகக்கண் அளவு சிவப்பு வெளிச்சம் இருக்கும். பெட்டி குறுக்கே வந்தால் ஒளி அறுபடும், அடுத்த பெல்ட் கிளம்பும். கொஞ்ச நேரம் எதுவும் வராவிட்டால் நின்றுவிடும்.

அடிக்கடி நின்று கிளம்பினாலும் தொல்லை. நேரடியாக சுவிட்ச் போட்டால் மோட்டார் முதல் இழுப்பில் ஐந்தாறு மடங்கு கரண்ட் வாங்கும். மெல்லக் கிளப்ப டிரைவ் என்ற கருவி வேண்டும்.

பெல்ட்டுக்குப் பதில் வேறு வழி பார்த்தது அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம். தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கான குட்டி வண்டிகள், வண்டிக்கு ஒரு பெட்டி. சோதனை ஓட்டத்தில் பெட்டிகள் கிழிந்து துணி சிதறியது. விமான நிலையம் திறக்கவே 16 மாதம் தள்ளிப்போய் 1995 ஆனது. 2005இல் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். பழையபடி ஆளும் டிராக்டரும்.

பெல்ட் இல்லாத காலமும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கத்து அழகப்பச் செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் நடத்தினார். டகோட்டா விமானங்கள். தரையில் நிற்கும்போது டகோட்டாவின் வால் தாழ்ந்திருக்கும், உள்ளே தளம் சரிவு. மூட்டையை அந்தச் சரிவில் மேல்நோக்கித் தள்ள வேண்டும்.

அவர் கொடுத்த 300 ஏக்கரில் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வு நிலையம். பேட்டரி ஆராய்ச்சி அங்கே. விமானத்தடியில் பெட்டி வண்டிகளை இழுக்க இப்போது பேட்டரி டிராக்டர்கள் வந்துவிட்டன.

எங்கள் தெரு மாவு மில்லிலும் மோட்டார்தான். மூன்று டப்பா வந்தாயிற்று. மில்காரர் சுவிட்ச் பக்கம் போகவில்லை.

"இன்னும் ரெண்டு சேரட்டும் ஆச்சி."

ஆச்சி படியில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் பெட்டியில் ஒட்டிய சீட்டு: பார்கோடு, பத்து இலக்கம். பெயர் பொடி எழுத்தில்.

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் அய்யாவின் தகரப் பெட்டி. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, அவர் போனபோது கூடப் போனது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் விலாச எழுத்து, உள்ளங்கை அகலம். பக்கத்துக்கு ஒரு கைப்பிடி, ஆளுக்கு ஒன்று.

இடது கைப்பிடி மட்டும் தேய்ந்து மினுங்குகிறது.