நன்றி யாருக்கு?

எட்டியாந்தோட்டை,
2025 மார்ச் 9, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய காசு கிடைத்தது. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. மீதி கடைக் கணக்குக்குப் போய்விட்டது. ரப்பர் மரங்கள் இலை கொட்டி இப்போதுதான் செந்தளிர் விட்டிருக்கின்றன. பால் குறைவு, அதனால் வேலை கிடைத்துப் பேர் விழும் நாளும் குறைவு. இன்று தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பங்குச் சாமிக்குப் பார்க்க வேண்டிய தோட்டங்கள் பல. இந்த வாரம் நமக்குப் பூசை இல்லை. நாங்களே கூடிச் சிலுவைப்பாதை செய்துவிட்டு வந்தோம். அம்மா தூங்குகிறார். நத்தாருக்கு வந்தபோது நீ கேட்டுவிட்டுப் போனதற்கு இன்றாவது பதில் எழுதுகிறேன்.

"அம்மா ராத்திரியானா முழங்கால் போட்டு நன்றி, நன்றின்னு சொல்லுதே, எதுக்குக்கா? நன்றியா இரு, நன்றியா இருன்னு சொல்லித்தானே இருநூறு வருஷமா நம்மள குனிய வச்சிருக்காங்க?" என்று இஸ்தோப்பில் நின்று கேட்டாய். அம்மா காதில் விழக்கூடாது என்று குரலைத் தாழ்த்தியதையும் கவனித்தேன்.

நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1948இல் நம் ஆட்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்ட ஒருவரிடமும் கேட்கவில்லை. போன செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானபோதும் நாம் நன்றியோடு இருக்க வேண்டும் என்று சொன்ன வாய்கள் உண்டு. உழைத்து வாங்கும் கூலிக்கு என்ன நன்றி? அங்கே கணக்குத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அம்மா நன்றி சொல்லும் இடம் அதுவல்ல.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு ரப்பர் மலைக்குப் போவேன். உனக்கு அப்போது நடை வரவில்லை, பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவோம். விடியுமுன்னே போனால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் தளர்ந்துவிடும். அம்மா முதலில் பழைய வெட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவார். பிறகு கத்தி. பட்டையில் மெல்லிய சீவல் ஒன்று மட்டும் வர வேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம், மேலோடு போனால் பால் வராது. வெட்டி முடித்ததும் சிரட்டையைச் சரிபார்த்து, முதல் துளி அதில் விழும்வரை நிற்பார். அந்த நேரத்தில் உதடு அசையும்.

என்ன சொல்கிறார் என்று ஒரு நாள் கிட்டப் போய்க் கேட்டேன். ஒரு பேர். அடுத்த மரத்தில் இன்னொரு பேர். நம் தாத்தா, பிள்ளைப்பேற்றில் போன பெரியம்மா, நீ, நான், பக்கத்துக் காம்பரா மாரியாயி ஆத்தா. ஆத்தா கும்பிடுவது மாரியம்மனை; அதில் அம்மாவுக்கு ஒரு வழக்கும் இல்லை. நடுவில் ஒரு சிங்களப் பேர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது அம்மாவுக்கு எட்டு வயது. இரண்டு இரவு தங்கள் வீட்டு நெல் மூட்டைக்குப் பின்னால் பாட்டியையும் அம்மாவையும் ஒளித்து வைத்துச் சோறு போட்ட அந்தக் கிராமத்து அம்மாவின் பேர் அது. அந்த ஊரைவிட்டு இங்கே வாக்கப்பட்டு வந்து எத்தனையோ வருடமான பிறகும் அந்தப் பேரை அம்மா விடவில்லை. லயத்தை எரித்தவர்களை மறந்துவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. அந்தக் கதையை உனக்கும் எனக்கும் ஒன்றும் குறைக்காமல் சொன்னது அவர்தான்.

"வீட்டுலயே செபம் சொல்லலாமேம்மா" என்றேன். "வீட்டுல எங்கடி நேரம்? இங்க மரம் என்னைய ஒண்ணும் கேக்காது" என்றார். தியானம் செய்ய ஊருக்கு வெளியே மடம் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்குக் கிடைத்த அமைதி வேலைக்கு நடுவிலேதான், பால் சொட்டுவதற்குள் கிடைக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்.

2016 மே 17 நினைவிருக்கிறதா? மழை விடாமல் பெய்து அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து ஆட்களை மூடிய நாள். நாம் எல்லாரும் பாய் தலையணையோடு கோயிலுக்குள் கிடந்தோம். அன்றும் அம்மா நன்றி சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. செத்தவர்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. விடிந்ததும் நம் அரிசியில் பாதியை அள்ளி, அங்கே அனுப்பச் சேர்த்துக்கொண்டிருந்த சாக்கில் போட்டார்.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் நீ மறைக்கல்வியில் படித்த கதைதான். இத்தனை பேருக்கு இது எந்த மூலைக்கு என்று சீடர்களே கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், கூட்டத்தை அனுப்பிவிடலாம் என்றும் யோசனை சொன்னார்கள். இயேசு அனுப்பவில்லை. எல்லாரையும் புல்லில் உட்கார வைத்தார். போதாத அந்த அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி சொன்னார், பிறகு பங்கிட்டார். 'இது போதும், பேசாமல் இருங்கள்' என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் நன்றி சொன்னது அத்தனை பேரும் சாப்பிட்டு எழுந்திருப்பதற்காக. நம்மிடம் நன்றி கேட்கிற பெரிய மனிதர்கள் வேறு மாதிரி: பந்தியைக் காட்டாமல் நன்றியை மட்டும் கேட்கிறார்கள். கடவுளுக்கு நன்றி சொல்லிப் பழகிய ஆள் இவர்களிடம் கடன்பட்ட முகத்தோடு நிற்கத் தேவையில்லை. அம்மாவைப் பார். போன மாதம் பால் அளவில் குறைத்துப் போட்டபோது ஸ்டோர் வாசலைவிட்டு நகராமல் நின்று, மறுபடி அளக்க வைத்துவிட்டுத்தான் வந்தார்.

அமைதியான இடத்துக்குக் காத்திராமல் செபித்தவர் அம்மா மட்டும் இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போகிற காலிமுகத்திடலில்தான் 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ், ஜோசப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்தவர். தமிழ் பேசினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீச ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். அங்கேயே சிங்களம் கற்றார்; ஒரு சின்னக் குடிலைக் கட்டி நத்தார்ப் பூசையும் வைத்தார். கதவு திறக்கட்டும், அப்புறம் மனதை ஒருமுகப்படுத்தலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அதற்காகக் கதவு பூட்டிக் கிடந்தது சரியென்று ஆகிவிடுமா?

கொழும்பில் காலை எட்டு மணிக்கு ஷட்டர் தூக்கினால் இரவு ஒன்பது வரை நிற்கிறாய் என்று தெரியும். செபம் சொல்லு என்று உன்னை நான் நெருக்கவில்லை. ஷட்டர் தூக்குவதற்கு முன் ஒரு நொடி நின்று ஒரு பேரைச் சொல், அது போதும். உன் கோபத்தைக் கைவிடத் தேவையில்லை; தனியாக அதைச் சுமந்து திரியாதே என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. கடையில் உனக்குச் சேமலாப நிதி கட்டுகிறார்களா? சம்பளத்தில் உன் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. கேட்கக் கூச்சப்படாதே. அது தர்மம் இல்லை, உன் காசு.

உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 20ஆம் தேதி வருகிறது. புதுவருட லீவோடு சேர்த்துக் கேட்டுப் பார். பெரிய வியாழனுக்கே வந்துவிட்டால் அம்மாவுக்குச் சந்தோஷம். வரும்போது அம்மாவுக்கு முட்டிக்குத் தடவும் அந்த எண்ணெய் இரண்டு போத்தல் வாங்கி வா, இங்கே கிடைப்பதில்லை. உன் கேள்வியையும் அம்மாவிடமே நேராகக் கேள். கோபிக்க மாட்டார்.

அன்புடன்,
அக்கா.