மஸ்கட் கால்குலேட்டரும் ஒரு மதிப்பெண் கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய சயின்டிஃபிக் கால்குலேட்டர் கிடைத்தது. 1988இல் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது கொடுத்தது. பொறியியல் படிக்கும் அண்ணன் பேரன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சின்னத் தாத்தா, இது புரோகிராம் போடுற மாடல் ஆச்சே! எங்க எக்ஸாம் ஹாலுக்குள்ள இதை விடவே மாட்டாங்க" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிடமே, "ஆனா இதுல ஒண்ணுமே இல்லையே" என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியனுக்கு சைன், காஸ் எல்லாம் எதற்கு? எனக்குப் பிடித்தவை பி1, பி2 என்ற இரண்டு பொத்தான்கள். ஒரு கணக்கின் படிகளை ஒரு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். பிறகு எண்களை மட்டும் தட்டினால் விடை வந்துவிடும். கடைக்காரரிடம் இருந்த சாதாக் கால்குலேட்டரில் 5 + 2 × 3 என்று தட்டினால் 21 வரும். என்னுடையதில் 11 வரும். இரண்டையும் மேசைமேல் வைத்து, எது சரி என்று கேட்டு ஒரு பீரியடையே ஓட்டியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

இனி குறைகள். மைத்துனர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு புரோகிராமுக்கும் சேர்த்து 38 படிகள்தான். அதுகூடப் பரவாயில்லை. உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்று திருப்பிப் பார்க்க வழியே கிடையாது. இருபதாவது படியில் கை தவறியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் திருத்த முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தட்ட வேண்டும். பொத்தான் பேட்டரியைக் கழற்றினால் போட்டது எல்லாம் போய்விடும். லட்சத்துக்குக் காற்புள்ளி வராது. பூஜ்யங்களை விரல் வைத்துத்தான் எண்ண வேண்டும். 17ஐ 5ஆல் வகுத்தால் 3.4 என்று சொல்லும். ஈவு 3, மீதி 2 என்று சொல்லத் தெரியாது. வாழ்நாளெல்லாம் மீதி வரும் வகுத்தலைச் சொல்லிக்கொடுத்தவனுக்கு அது ஒரு மனக்குறை.

இவற்றோடெல்லாம் குடித்தனம் நடத்திவிடலாம். இன்னொரு குறைதான் என்னைக் கவிழ்த்தது. எண்களைச் சேமித்து வைக்கும் மெமரிக்கு கே1, கே2 என்று நம்பர்தான் உண்டு. எது எந்தக் கணக்குக்கு என்று பெயர் வைக்க முடியாது. பூட்டும் கிடையாது. மேலே வேறு எண் போட்டால் 'ஏற்கெனவே ஒன்று இருக்கிறது' என்று கேட்கவும் கேட்காது.

1989 ஏப்ரல். எட்டாம் வகுப்பில் முதலிடம் பெறுபவருக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் வைத்திருந்த பரிசு, 51 ரூபாயும் ஒரு தமிழ் அகராதியும். காலாண்டுக்கு 25 பங்கு, அரையாண்டுக்கு 25, முழு ஆண்டுக்கு 50 என்பது கணக்கு. இந்த மூன்று எண்களையும் கே1, கே2, கே3இல் வைத்து, பி1இல் புரோகிராம் போட்டேன். 46 பேருக்கும் அரைமணியில் முடித்துவிடலாம் என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்தேன்.

பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு. பையன்கள் 27 பேருக்கும் போட்டு முடித்தபோது சக ஆசிரியர் ஒருவர், தான் வாங்கிய கைமாற்றுக்கு வட்டி பார்க்கச் சொன்னார். இரண்டு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். 24ஐ கே2இல் போட்டுக் கணக்குச் சொன்னேன். டீ வந்தது, குடித்தோம். பிறகு பெண்களுக்கு ஆரம்பித்தேன்.

அரையாண்டின் 25 பங்கு 24 ஆகிவிட்டது எனக்குத் தெரியாது. 19 பெண்களுக்கும் ஏறக்குறைய நான்கு மார்க் குறைந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைந்ததால் பார்வைக்கு எதுவும் உறுத்தவில்லை. ஒரு பையன் 413 எடுத்து முதலிடம். அடுத்ததாக ஒரு பெண், 411.38.

மறுநாள் அவள் ரஃப் நோட்டோடு வந்தாள். "சார், எனக்கு 415.5 வருது சார்." நான் நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மெஷின் தப்புப் பண்ணாதும்மா" என்றேன். வழிமுறை எழுதாத விடைக்கு மார்க் போடமாட்டேன் என்று வருஷம் முழுக்க மிரட்டியவன் நான். அவள் வழிமுறையோடு வந்து நின்றாள். வழிமுறையே காட்டாத மெஷினைத்தான் நான் நம்பினேன். அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அதே ஆசிரியர் வட்டியில் சந்தேகம் கேட்டார். கே2ஐ அழைத்தேன். 24 வந்து நின்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாலையில் பதிவேட்டை எடுத்துவைத்துக் கையாலேயே எல்லோருக்கும் போட்டுப் பார்த்தேன். முதலிடம் மட்டும்தான் மாறியது.

தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. 'கால்குலேட்டர் வாத்தியார்' என்று அதற்குள் பேர் வாங்கியிருந்தேன். சிரிப்பார்களே என்ற பயம். பரிசும் கொடுத்தாகிவிட்டது, அவளும் டவுன் பள்ளிக்குப் போய்விட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்துப் பேருந்து நிலையத்தில் பார்த்தாள். "வணக்கம் சார்" என்றாள். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். பஸ் வந்துவிட்டது. அப்போதும் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்ட அண்ணன் பேரன் ஒரு தகவல் சொன்னான். சட்டைப்பையில் வைக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர்களில் முதலாவதான எச்.பி.-35, 1972இல் வந்தது. அதில் 2.02க்கு இயற்கை மடக்கை கண்டு, அதையே மறுபடி e-யின் அடுக்காக்கினால் 2.02 திரும்பி வர வேண்டும். வெறும் 2 வந்ததாம். நிறுவனமே வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, மாற்றித் தருவதாகச் சொன்னதாம். அதைக் கேட்டபிறகு எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை.

அம்மா, நீயும் இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பாய். அன்று பார்க்காத கணக்கை இங்கே போடுகிறேன். காலாண்டு 398, அதில் கால் பங்கு 99.5. அரையாண்டு 412, அதில் கால் பங்கு 103. முழு ஆண்டு 426, அதில் பாதி 213. கூட்டினால் 415.5. நீ போட்டதுதான் சரி. தப்பு என்னுடையது. மன்னித்துவிடு.

அன்று பரிசு வாங்கிய தம்பி, உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அகராதியைத் திருப்பிக் கேட்கமாட்டேன், பயப்படாதே.

நேற்று டவுனுக்குப் போய்ப் புதிதாக ஒரு அகராதி வாங்கிவந்து அட்டை போட்டு வைத்திருக்கிறேன். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த செட்டில் படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். அவள் எண் இருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பதிவை அவளுக்கு அனுப்பி வையுங்கள்.