இரு உடல்களுக்கு நடுவே

சிறுநீரக மாற்று அறுவை நடக்கும் அறையில் இரண்டு மேசைகள் இருக்கும். ஒன்றில் நோயாளி படுத்திருப்பார். மற்றொன்று ஓரத்தில், சுவரை ஒட்டி. அதை நாங்கள் ‘பேக் டேபிள்’ என்போம். அதன் மேல் ஒரு ஸ்டீல் பேசின், பேசினுக்குள் உறையவைத்து நொறுக்கிய உப்புநீர்ப் பனி, அந்தப் பனியில் குளிர்ந்த திரவத்தில் அமிழ்ந்தபடி ஒரு சிறுநீரகம். பத்திரிகைப் படங்களிலும் சினிமாவிலும் முதல் மேசைதான் தெரியும். என் தொழிலில் பாதி அந்த இரண்டாவது மேசையில் நடக்கிறது. உறுப்பு மாற்றின் கடந்த காலமும் வருங்காலமும் அங்கே நின்று பார்த்தால்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம் எங்களிடம் வரும்போது வெளிறிக் கிடக்கும். உள்ளே இருந்த ரத்தத்தைக் குளிர்ந்த திரவத்தால் முழுக்கக் கழுவி வெளியேற்றியிருப்பார்கள். சுற்றிலும் கொழுப்பு. அதை நீக்க வேண்டும், முழுவதையும் அல்ல. சிறுநீரகத்தின் கீழ்முனைக்கும் சிறுநீர்க்குழாய்க்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடம் உண்டு. அங்கே கத்திரி போகக் கூடாது. குழாய்க்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய நாளங்கள் அந்தக் கொழுப்புக்குள்தான் ஓடுகின்றன. பளிச்சென்று இருக்க வேண்டுமென்று அதையும் சுரண்டிவிட்டால், பல நாள் கழித்துக் குழாயின் நுனி அழுகி, வயிற்றுக்குள் சிறுநீர் கசியத் தொடங்கும். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களின் கையை நான் அதிகம் பிடித்து நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

பிறகு நாளங்கள். இடது சிறுநீரகத்தின் சிரை நீளமானது, தைக்க வசதி. வலதின் சிரை குட்டை. பெருஞ்சிரையிலிருந்து ஒரு துண்டைச் சேர்த்து வைத்துத் தைத்து அதை நீட்டிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகத் தமனி ஒன்றுக்கு மேல் இருக்கும். மேல்முனைக்குப் போகும் மெல்லிய கிளையைச் சில சமயம் கைவிடலாம். கீழ்முனைக் கிளை தீக்குச்சி அளவே இருந்தாலும் விட முடியாது. சிறுநீர்க்குழாய்க்கு உயிர் அங்கிருந்து வருகிறது. அதைப் பெரிய தமனியின் பக்கவாட்டில், பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் நூலால் தைப்போம். விரல்கள் பனியில் மரத்துப்போகும். வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ள வழியில்லை. உறுப்பு குளிர்ந்திருக்க வேண்டும் என்பதே அங்கே சட்டம்.

தமனியை எடுக்கும்போது மகாதமனியின் சுவரிலிருந்து ஒரு சிறு வட்டத்தையும் சேர்த்தே வெட்டி எடுக்கிறோம். அந்த வட்டத்துக்குக் ‘கேரல் பேட்ச்’ என்று பெயர். நூறாண்டுக்கு முந்தைய ஒரு மனிதரின் பெயரை எங்கள் அறையில் இன்றும் சாதாரணமாக உச்சரிக்கிறோம். 1894இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குப் போகும் பெரிய சிரை கிழிந்தது. அதைத் தைத்து மூட அன்றைய மருத்துவர்களால் முடியவில்லை, அவர் இறந்தார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கேரல், ரத்தக்குழாயைத் தைக்க முடியாது என்பதை ஏற்க மறுத்தார். பூத்தையல் செய்யும் ஒரு பெண்மணியிடம் நுண்ணிய ஊசிவேலை கற்றார். வட்டமான குழாய்வாயில் மூன்று இடங்களில் தையல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகும். மூன்று நேர்க்கோடுகளாகத் தைக்கலாம். ஊசி எதிர்ச்சுவரைக் குத்தாது. 1902இல் அவர் வெளியிட்ட இந்த முறை 1912இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. மனிதரைத் தரம் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கையைப் பின்னாளில் அவர் ஆதரித்ததை என்னால் மன்னிக்க முடியாது. ஆனாலும் அவர் கண்ட தையலின் வழியில்தான் என் கை இன்றும் போகிறது.

உறுப்பு மாற்றுக்குத் தையல் மட்டும் போதாது என்பதையும் முதலில் கண்டவர்களில் கேரல் ஒருவர். ஒரு நாயின் சிறுநீரகத்தை எடுத்து அதே நாய்க்கு வேறிடத்தில் வைத்தால் வேலை செய்தது. இன்னொரு நாய்க்கு வைத்தால் கெட்டுப்போனது. அந்த மதிலை முதலில் தாண்டியவர் ஜோசப் மரே. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகம் மருத்துவமனையில் ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை, ஒரே கருவிலிருந்து உருவான இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்கு வைத்தார். இருவர் உடலும் ஒன்றை ஒன்று அந்நியமாக நினைக்காது என்று உறுதிசெய்ய முதலில் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். ரிச்சர்ட் எட்டாண்டுகள் வாழ்ந்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிக நெருக்கமான எண் 82. ரொனால்டின் உடலிலிருந்து பிரிந்த அந்தச் சிறுநீரகம் ரிச்சர்டின் ரத்தம் பாயும்வரை ரத்தமின்றி இருந்த நிமிடங்கள் அவை.

அந்த நேரத்தைத்தான் நாங்கள் உயிராகப் பார்த்துக்கொள்கிறோம். உறுப்பு எந்த உடலிலும் இல்லாத நேரம் அது. 1967இல் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தபோது தந்தவரும் பெற்றவரும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தார்கள். அன்று அதைத் தவிர வேறு வழியில்லை. இன்று மதுரையில் எடுத்த சிறுநீரகத்தைச் சென்னையில் வைக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் குளிரும், ஒரு திரவமும். நான்கு டிகிரியில் வைத்தால் திசுவின் உயிர்வாயுத் தேவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் வெறும் குளிரில் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கிவிடும். அந்த வீக்கத்தைத் தடுக்கும் திரவத்தை 1980களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுதர்டும் உருவாக்கினார்கள். இதயத்துக்கு நான்கு மணி நேரம், ஈரலுக்குப் பன்னிரண்டு, சிறுநீரகத்துக்கு ஒரு நாள் என்று நாங்கள் இன்று கணக்குப் போடுவதெல்லாம் இத்தகைய குளிர்த்திரவங்களை நம்பித்தான். பர்னார்ட் பெயர் தெரியாதவர் இல்லை. பெல்சர் யார் என்று கேட்டால் மருத்துவ மாணவர்களே விழிக்கிறார்கள். இது எனக்கு உண்மையான வருத்தம். அந்தத் திரவத்தால் பிழைத்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

அந்த ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று சொல்கிறேன். ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பெரும்பாலும் நள்ளிரவில்தான் போன் வரும். “சார், நமக்கு ஒரு கிட்னி அலாட் ஆயிருக்கு.” காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவரை மட்டும் கூப்பிட மாட்டோம், இரண்டு மூன்று பேரை வரச்சொல்வோம். தந்தவரின் செல்களோடு அவர்கள் ரத்தம் சண்டை போடுகிறதா என்று பார்க்கும் ‘கிராஸ் மேட்ச்’ முடிவு வரச் சில மணி நேரம் ஆகும். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அவர்கள். பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். விடிகாலையில் ஒருவர் உள்ளே போவார். மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போவார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நானே சொல்வது என் வழக்கம். அந்தப் பேச்சை வேறு யாரிடமும் விட எனக்கு மனம் வருவதில்லை.

உள்ளே போனவரின் மனைவி கேட்பார்: “பழைய கிட்னிய எடுத்துடுவீங்களா டாக்டர்?” எடுக்க மாட்டோம் அம்மா, அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கும், புதியதை அடிவயிற்றில் வலப்பக்கமாக வைப்போம் என்றால் நம்ப மாட்டார். அங்கேதான் காலுக்குப் போகும் பெரிய தமனியும் சிரையும் தோதாகக் கிடைக்கின்றன. சிறுநீர்ப்பையும் பக்கத்திலேயே இருக்கிறது. பனியிலிருந்து எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த துணியில் சுற்றிப் பிடித்தபடி முதலில் சிரை, பிறகு தமனி. மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தை உயர்த்தி வைத்திருப்பார். கிளாம்ப்பை விடுவிக்கிறோம். வெளிறிய சதை சில நொடிகளில் செந்நிறமாகி, விரலுக்குக் கெட்டியாகத் தெரியும். நல்ல உறுப்பென்றால் குழாயின் வெட்டிய நுனியில் சிறுநீர் துளிர்க்கும். சிலவற்றில் துளிர்க்காது. அவை விழிக்க ஒன்றிரண்டு வாரம் டயாலிசிஸோடு காத்திருக்க வேண்டும். உறுப்பு குளிரில் கிடந்த நேரம் கூடக்கூட இந்தத் தாமதமும் கூடுகிறது.

தைத்த பிறகு நடப்பதில் என் கையின் பங்கு குறைவு. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரினும், ஜப்பானின் சுகூபா மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸும் வந்திராவிட்டால் இந்தத் தொழிலே இருந்திருக்காது. நோயாளி அந்த மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், ஒரு வேளைகூடத் தவறாமல், உறுப்பு உள்ளவரை விழுங்க வேண்டும். இன்று கைகளையும் மாற்றி வைக்கிறார்கள். அப்படிப் பெற்றவர்களுக்கு மாத்திரையோடு நீண்ட காத்திருப்பும் உண்டு. கொச்சி அம்ருதா மருத்துவமனையில் 2015இலும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018இலும் இரு கைகளையும் பொருத்தினார்கள். நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் வளரும். முன்கையில் தைத்த நரம்பு விரல்நுனியை எட்ட மாதக்கணக்காகும். அதுவரை அந்தக் கையைத் தினமும் அசைத்துப் பழக்க வேண்டும்.

வருங்காலம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பன்றி உறுப்புகளைத்தான் கேட்கிறார்கள். 2022 ஜனவரியில் பால்டிமோரில் மரபணு மாற்றிய பன்றி இதயம் ஒருவருக்கு வைக்கப்பட்டது. இரண்டு மாதம் துடித்தது. 2024 மார்ச்சில், மரே வேலை செய்த அதே பாஸ்டனில், 69 மரபணுத் திருத்தங்கள் செய்த பன்றிச் சிறுநீரகம் வைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கில் ஒரு பெண்மணிக்கு வைத்த பன்றிச் சிறுநீரகம் 130 நாட்கள் வேலை செய்தது. பிறகு உடல் ஏற்காததால் எடுத்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் பத்தாண்டு, பதினைந்தாண்டு உழைக்கும் மனிதச் சிறுநீரகத்துக்கு அருகில் வர இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது.

நான் அதிகம் எதிர்பார்ப்பது என் சின்ன மேசையில் வரப்போகும் மாற்றத்தை. உறுப்பைப் பனியில் வைக்காமல், உடற்சூட்டில், ரத்தம் ஓடவிட்டு இயந்திரத்தில் வைத்துக்கொள்கிறார்கள். உறுப்பை இயந்திரத்தில் வைத்துக் காக்கும் எண்ணம் பெல்சரிடமும் இருந்தது, குளிர்நிலையில் என்றாலும். நாய்ச் சிறுநீரகத்தை 72 மணி நேரம் இயந்திரத்தில் காத்து 1967லேயே காட்டினார். சூரிக் நகரில் ஒரு மனித ஈரலை மூன்று நாள் இயந்திரத்தில் வைத்துச் சீராக்கி, 2021 மே மாதம் நோயாளிக்குப் பொருத்தினார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலிச் சிறுநீரகத்தைக் கண்ணாடிபோல உறையவைத்து, 100 நாட்கள் வரை சேமித்து, நுண்துகள்களால் சீராகச் சூடேற்றி, மறுபடி எலிக்கு வைத்திருக்கிறார்கள். 2023இல் அந்த ஆய்வு வெளிவந்தது. மனித அளவு உறுப்பை வெடிப்பில்லாமல் சூடேற்றுவது கடினம். என்றாலும் இது கைகூடினால் நள்ளிரவுப் போன் இருக்காது. கிராஸ் மேட்ச் நிதானமாக நடக்கும். யாரையும் பட்டினி போட்டு வரவழைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியிராது.

ஆனால் எந்த இயந்திரமும் தொட முடியாத சில மணி நேரம் இதற்கெல்லாம் முன்னால் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். இதில் அவசரம் கூடாது. அதன் பிறகு குடும்பம் சம்மதிக்க வேண்டும். 2008இல் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவு தமிழ்நாட்டையே உலுக்கியது. அவர்கள் மருத்துவர்கள், மூளைச்சாவு என்னவென்று அறிந்தவர்கள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அது தெரியாது. மார்பு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. மகன் போய்விட்டான் என்று நாங்கள் சொல்கிறோம். அவன் என்ன விரும்பியிருப்பான் என்று அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யாருக்கும் தெரிவதில்லை. பெரியப்பா ஊரிலிருந்து வரட்டும் என்கிறார்கள். அந்தத் தயக்கத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதற்குள் ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகள் கெட்டுவிடுவதை நாங்கள் பார்க்கிறோம்.

உறுப்பு தானம் செய்பவரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த மரியாதை குடும்பங்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். நீங்கள் இணையத்தில் பதிவு செய்யலாம், அட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கலாம். அப்போதும் இறுதியில் கேட்கப்படப்போவது உங்கள் வீட்டாரைத்தான். ஆகவே வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ, உங்கள் விருப்பம் எதுவானாலும் அதை இன்றே வீட்டில் எல்லார் காதிலும் போட்டு வையுங்கள்.