வெண்ணாடாவின் மேல் ஒரு பகல்

மலை முழுதும் வெண்மை போர்த்தியிருக்கும் என்று எண்ணிச் செல்வோர்க்குப் பருவத் தொடக்கத்தின் அராபஹோ பேசின் ஏமாற்றமே அளிக்கும். கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு மேற்கே, ராக்கி மலைத்தொடரின் நீர்பிரி முகட்டை ஒட்டி அமைந்த பனிச்சறுக்குத் தலம் இது. 1946இல் இதனை நிறுவியோருள் ஒருவரான லாரி ஜம்ப், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் 10ஆம் மலைப்படைப் பிரிவில் பணியாற்றியவர். அடிவாரமே 10,780 அடி. நம் தொட்டபெட்டா உச்சியைவிட இரண்டாயிரம் அடிக்கும் மேல் உயர்ந்தது. ஆயினும் அக்டோபர் இறுதியில் அங்கே காண்பது பழுப்பேறிய புல்லும் பாறையுமே. அவற்றினூடே ஒரேயொரு வெண்பட்டை மேலிருந்து கீழிறங்குகிறது. சறுக்குவோர் அதற்கு வேடிக்கையாக இட்ட பெயர், 'மரணத்தின் வெண்ணாடா'.

அந்நாடா வானம் தந்ததன்று, மனிதர் செய்தது. குளிர்ந்த இரவுகளில் அழுத்தப்பட்ட காற்றோடு நீரையும் நுண்துளிகளாகப் பீய்ச்சுகின்றன பனிப்பீரங்கிகள். துளிகள் தரையைத் தொடுமுன் உறைந்துவிட வேண்டும். காற்று எத்துணை வறண்டிருக்கிறதோ, அத்துணை எளிதாக அவை குளிரும். மழையும் வாடையும் கூடிய நம் கூதிர்க்காலத்தில், அங்கே வறண்ட இரவுகளுக்காகக் காத்திருக்கிறார்கள். இரவெல்லாம் சேர்த்த செல்வத்தைப் பகலெல்லாம் வெயில் செலவழிக்கிறது.

நாங்கள் நால்வரும் சென்ற நாளில் வானில் ஒரு துண்டு மேகமும் இல்லை. நால்வர் அமரும் கம்பிவட நாற்காலியில் ஏறி, 'ஹை நூன்' என்னும் சரிவில் இறங்கினோம். தொடக்கநிலையினருக்கான சரிவு ஏதும் அன்று திறக்கப்படவில்லை. காலையில் தரை கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது. பலகையின் விளிம்பு உராயும் ஓசை பற்களைக் கூசச் செய்தது. நண்பகலில் அதுவே நொய்யரிசி போல இளகி, நாங்கள் திரும்பிய பக்கமெல்லாம் இணங்கியது. அந்த ஒரு மணி நேரத்திற்காகவே அத்தனை தொலைவும் வந்திருக்கலாம் என்று தோன்றியது. புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிர்களில் எண்பது விழுக்காடுவரை எதிரொளிக்கும் என்பார்கள். அன்று கிடந்தது புதுப்பனி அன்றெனினும், முகவாயின் அடிப்புறமும் கருகியபோது வெயில் கீழிருந்தும் வருவதை உணர்ந்தோம்.

பிற்பகலில் பனி சேறானது. எங்களுள் ஒருவர் பனிச்சறுக்குக்குப் புதியவர். அது அவருக்கு இரண்டாம் குளிர்காலம். மேலிருந்து வருவோர் கண்ணுக்குப் படாத ஒரு மேட்டின் கீழே அவர் விழுந்தார். ஒரு பலகை கழன்றுவிட்டது. காலணியின் அடியில் ஈரப்பனி அப்பிக்கொண்டதால் பூட்டு மீண்டும் விழவில்லை. பட்டையின் அகலமோ சிறிது; அதில் அன்று வந்த அத்தனை பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவர் மேலேறி, எங்கள் பலகைகளைக் குறுக்காக நட்டு அடையாளம் வைத்தோம். அதற்குள் முன்பின் அறியாத ஒரு பெண்மணி மேட்டின் முகட்டிலேயே நின்று, கையிலிருந்த கோலை உயர்த்தி, வருவோரையெல்லாம் ஓரமாக விலக்கிவிட்டார். "பொறுமையாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது மட்டுமே அவர் எங்களிடம் சொன்ன சொல். பூட்டு விழுந்த ஓசை கேட்டதும் எங்களைக் கடந்து கீழே சென்று மறைந்தார்.

பனிச்சறுக்கில் கீழே செல்பவருக்கே வழியுரிமை. கொலராடோவில் 1979ஆம் ஆண்டின் பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டமும், மோதலைத் தவிர்க்கும் முதற்பொறுப்பை மேலிருந்து வருபவர்மீதே சுமத்துகிறது. காரணம் எளியது: மேலிருப்பவருக்குக் கீழிருப்பவர் தெரிகிறார், கீழிருப்பவருக்கு முதுகில் கண்ணில்லை. உயரமும் வேகமும் பெற்றவருக்கு உரிமையைக் கூட்டாமல் கடமையைக் கூட்டும் விதிகள் உலகில் அதிகமில்லை. அகன்ற மலையில் இவ்விதியை மறந்தும் பிழைத்துவிடலாம். நாடா குறுகும்போதுதான் அது உயிர்காக்கும் அறமாகிறது. வல்லவரும் புதியவரும் ஒரே பட்டையைப் பகிர்ந்தாக வேண்டிய இத்தொடக்கநாள்களே அதனைக் கற்கத் தகுந்தவை எனலாம்.

முகட்டின் பின்னே கதிர் சாய்ந்ததும் குளிர் சட்டென இறங்கியது. நாங்கள் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மேலே முதற்பீரங்கி இரையத் தொடங்கியது. பகலில் வெயில் தின்றதை இரவு ஈடுசெய்யப் புறப்பட்டுவிட்டார்கள்.