இறக்கை தேடிய கதை

கரிகாற் பெருவளத்தானிடம் விருந்துண்ட பொருநன், இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கினான் எனப் பொருநராற்றுப்படை கூறும். அதனைப் பாடங் கேட்ட நாள்முதல் எம் பல்லும் அவ்வாறு மழுங்குதல் வேண்டுமென்னும் அவா எமக்கு உண்டாயிற்று. புலால் மறுத்தலைக் கூறும் திருக்குறளின் 26-ஆம் அதிகாரத்தையும் யாம் கற்றுளோம். ஆயினும் அதனைத் தேர்வுக்கென்று ஒதுக்கி வைத்தோம்.

சென்ற விடுமுறையில் விடுதித் தோழர் இருவர் எம் ஊராகிய குன்றக்குடிக்கு வந்தனர். மயில் வடிவினதென்று போற்றப்படும் மலையையும், அதன் அடிவாரத்துக் குடைவரைகளையும் கண்டு களித்தபின், கோழியில் எவ்வுறுப்புச் சுவை மிக்கது என்னும் வழக்கு எழுந்தது. இறக்கையே என்றார் ஒருவர். அமெரிக்க நாட்டுப் பஃபலோ நகரில், சாறு காய்ச்சுதற்கே உரியதென ஒதுக்கப்பட்டிருந்த இறக்கையை 1964-இல் ஓர் உணவு விடுதியார் பொரித்து, வெண்ணெயும் மிளகாய்ச் சாறும் தோய்த்துப் பரிமாற, அஃது உலகெங்கும் பரவிய வரலாற்றைச் சான்று காட்டினார். நம் பக்கத்துத் தலைசிறந்த இறக்கை எங்குளது எனக் காண்போம் என்று துணிந்து, 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரைக்குடிக்குப் பேருந்தேறினோம்.

முதற்கண் புகுந்த கடையில் பண்ணைக்கோழியின் இறக்கைகள் செந்நிற மாவுக் கவசம் பூண்டு வந்தன. கவசம் மொறுமொறுத்தது, உள்ளிருந்த வீரனுக்கோ சுவையில்லை. இரண்டாவது கடையில் மிளகும் சோம்பும் கல்பாசியும் மணக்க நாட்டுக்கோழி வறுவல் வந்தது. இறக்கை மட்டும் வேண்டும் என்றோம். பரிமாறிய முதியவர் நகைத்து, "கோழிக்கு இறக்கை இரண்டுதானே, தம்பி? உங்களுக்கே கொடுத்துவிட்டால் மற்ற இலைக்கு என்ன செய்வது?" என்றார். மூன்றாவதாகப் புகுந்த சிற்றுணவகத்தில் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, நல்லெண்ணெய் இவற்றையே கூட்டி வதக்கிய உப்புக்கறி கிடைத்தது. எம் இலையில் நற்பேற்றால் ஓர் இறக்கை வீழ்ந்தது. மசாலை குறைந்தவிடத்துக் கோழியின் சுவை தோன்றக் கண்டோம். இதுவே முதன்மை என மூவரும் ஒருப்பட்டோம்.

இரவு வீடு திரும்பி இதனை அன்னையாரிடம் பெருமிதத்தோடு உரைத்தோம். "ஒரு இறக்கைக்கா இவ்வளவு அலைச்சல்?" என்றார். அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. எம் வீட்டில் கோழி சமைக்கும் ஞாயிறுதோறும் தொடை இரண்டும் எமக்கும் தங்கைக்கும், நெஞ்சுக்கறி தந்தையார்க்கு, இறக்கையும் கழுத்தும், எல்லாரும் உண்டபின் உண்ணும் அன்னையார்க்கு. இப்பங்கீட்டைப் பத்தொன்பது ஆண்டு கண்டும் யாம் ஒருநாளேனும் வினவியதில்லை.

அடுத்த ஞாயிறு ஆலயத்தினின்று மீண்டதும், அகப்பையை யாமே பற்றி, தொடையை அன்னையார் தட்டில் இட்டு, இறக்கையை எமக்கு எடுத்துக்கொண்டோம். அவர் உண்டு முடித்து, "சப்பென்று இருக்கிறது, ஐயா. ருசி எலும்பை ஒட்டித்தான் இருக்கும். எனக்கு இறக்கையே போதும்" என்றார்.

அவ்வுரை நாவறிந்த உண்மையோ, பழகிப்போன ஈகையோ, அறியோம். உப்புக்கறி இறக்கையைச் சுவைத்த எம் நா, உண்மை என்கின்றது. எலும்பு வெளுக்க அவர் அத்தொடையை உண்டதைக் கண்ட எம் கண்ணோ, அன்று என்கின்றது.

மறு ஞாயிறு இரண்டையுமே அவர் தட்டில் இட்டோம். அவர் எம்மைச் சிறிது நோக்கினார். பின் இறக்கையை எடுத்து எம் தட்டில் வைத்தார். காரைக்குடிக் கடைகளுக்கு யாம் வகுத்த வரிசையில் அவ்விறக்கைக்கு இடம் எங்கென இன்னும் துணிந்திலோம்.