கல்கத்தா கன்னிமாடங்கள்

கல்கத்தா செல்லும் தமிழர், காளிகட்டத்தையும் தக்ஷிணேசுவரத்தையும் பேலூர் மடத்தையும் தரிசித்துவிட்டு, ரஸகுல்லா டப்பா ஒன்றையும் வாங்கிக்கொண்டால் யாத்திரை பூர்த்தியாயிற்று என்று கருதுவது வழக்கம். அவற்றில் ஒன்றையும் நான் விடவில்லை. ஆயினும், உபாத்தியாயத் தொழில் செய்கிறவன் எந்த ஊருக்குப் போனாலும் அவன் கால்கள் கடைசியில் ஏதாவதொரு பள்ளிக்கூட வாசலில்தான் போய் நிற்கும். அந்நகருக்கு 2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாறிவிட்டது. பழக்கத்தை முன்னிட்டுப் பழைய பெயரையே சொல்லுகிறேன், வங்காளிகள் பொறுத்துக்கொள்வார்களாக.

பார்க் தெருவிலிருந்து மிடில்டன் ரோ என்னும் சிறிய வீதியில் திரும்பினால் லொரேட்டோ ஹவுஸ் இருக்கிறது. பார்க் தெருவுக்குப் பெயர் தந்த மான் தோட்டம் இங்கேதான் இருந்ததென்றும், அதன் நடுவிலிருந்த மாளிகையில் ஸர் எலைஜா இம்பே வாழ்ந்தாரென்றும் சொல்லுகிறார்கள். 1775-ல் மகாராஜா நந்தகுமாரைத் தூக்குமேடைக்கு அனுப்பிய நீதிபதி அவர்தாம். அத்தகைய இடத்தில் 1842-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அயர்லாந்துக் கன்னியாஸ்திரீகள் ஒரு பெண் பாடசாலையைத் திறந்தார்கள். பெதூன் துரை இந்துப் பெண்களுக்கென்று பள்ளி தொடங்கியது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1849-ல்தான். நமது சென்னைக்கும் அதே 1842-ல், அதே அயர்லாந்திலிருந்து, வேறொரு சபையைச் சேர்ந்த பிரஸன்டேஷன் சகோதரிகள் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் நேயர்கள் நினைவில் கொள்ளலாம்.

இங்கிலீஷ் பாஷையைக் கற்பித்தார்கள் என்பதற்காக இவர்களை இங்கிலீஷ்காரர்கள் என்று எண்ணிவிடலாகாது. அயர்லாந்தும் ஆங்கிலேயருக்கு அடிமைப்பட்டிருந்த தேசமே. கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதையே குற்றமாக்கிய சட்டங்கள் அங்கே நெடுங்காலம் இருந்தன. லொரேட்டோவின் அயர்லாந்துக் கிளையை நிறுவிய டெரஸா பால் அம்மையார், டப்ளினில் பிறந்தும் படிப்பதற்கு யார்க் நகரக் கன்னிமாடத்துக்குப் போக வேண்டியிருந்தது. கல்வி மறுக்கப்பட்டவர்கள் கல்வி கொடுக்கக் கப்பலேறினார்கள் என்பது மெச்சத்தக்கதே. ஆனால் அவர்கள் முதலில் யாருக்குக் கொடுத்தார்கள்? பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பெண்களுக்கு. பணம் கட்டுவோருக்கு ஒரு பள்ளி, அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் வேறொரு பள்ளி என்பதே அக்காலத்து முறை. இரண்டிலும் ஜபம் ஒன்று, பெஞ்சி வேறு.

இதை அவர்களுடைய ஆதி குருவாகிய மேரி வார்டு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த அம்மையாரின் கதை அற்புதமானது. 1585-ல் யார்க்‌ஷையரில், கத்தோலிக்கராயிருப்பதே ஆபத்தாயிருந்த காலத்தில் பிறந்தவர். கன்னியாஸ்திரீ என்றால் மதிலுக்குள் அடைபட்டிருக்க வேண்டியதே விதி என்றிருந்த நாளில், ஏசு சபைப் பாதிரிமார்களைப் போலப் பெண்களும் மதில் இல்லாமல் ஊர் ஊராகச் சென்று கல்வி போதிக்க வேண்டும் என்றார். 1609-ல் ஸேன்டோமேரில் சபையைத் தொடங்கினார். 1621-ல் கால்நடையாகவே ரோமாபுரிக்குப் போய் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. எதிரிகள் அவருடைய சகோதரிகளை, நாலுகால் பாய்ச்சலில் ஓடும் பெண்கள் என்று பரிகசித்தார்கள். 1631-ல் போப்பரசர் எட்டாம் அர்பன் சபையையே கலைத்துவிட்டார். அம்மையாரை மத விரோதியென்று மியூனிக் நகர மடமொன்றில் சிறை வைத்தார்கள். அங்கிருந்து எலுமிச்சம்பழச் சாற்றினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கடிதம் எழுதித் தம் தோழியருக்குத் தைரியம் சொன்னார்! அவரே சபையை நிறுவியவர் என்று சொல்லிக்கொள்ளச் சகோதரிகளுக்கு உத்தரவு கிடைத்தது 1909-ல். அப்பொழுது அவர் மறைந்து 264 வருஷங்கள் ஆகிவிட்டன.

பெண்கள்தானே, இவர்களுடைய உற்சாகம் எத்தனை நாளைக்கு என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டு, 1617-ல் அவர் தம் சகோதரிகளுக்குச் செய்த உபதேசங்கள் அந்தச் சபையின் கல்விக் கொள்கைக்கே அஸ்திவாரம் எனலாம். உற்சாகம் குன்றுவது பெண்ணாயிருப்பதால் அல்ல, மனம் உண்மையிலிருந்து விலகுவதால்தான் என்பது அதன் சாரம். சுதந்திரம், நீதி, உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல், இவற்றோடு மனமகிழ்ச்சி: லொரேட்டோ பள்ளிகள் இன்றும் மேரி வார்டின் பெயரால் சொல்லும் குணங்கள் இவை. சாஸ்திரப் பயிற்சியும் சங்கீதமும் பூத்தையலும் இந்தக் குணங்களுக்குக் கருவிகளே தவிர, இவையே கல்வியல்ல என்பது கருத்து. நீதியை இந்தப் பட்டியலில் சேர்த்தது எவ்வளவு தொந்தரவான காரியம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

சியால்தாவுக்குத் தெற்கே என்டாலியில் லொரேட்டோவின் இன்னொரு பெரிய மடம் இருக்கிறது. நீண்ட மதில், உள்ளே பல கட்டிடங்கள். அதன் வளவுக்குள்ளிருந்த ஸெயின்ட் மேரீஸ் வங்காளிப் பள்ளியில்தான் மதர் தெரேஸா பூகோளமும் சரித்திரமும் போதித்தார், 1944-ல் தலைமையாசிரியையுமானார். மதிலுக்கு அப்பால் மோதிஜீல் சேரி. விசித்திரம் என்னவென்றால், மதில் வேண்டாம் என்று சொல்லிச் சிறை சென்ற மேரி வார்டின் வழிவந்த சகோதரிகள் அந்தக் காலத்தில் மதிலை விட்டு வெளியே வருவதில்லை. 1946 ஆகஸ்டுக் கலகத்தின்போது, விடுதியிலிருந்த சுமார் 300 பெண்களுக்கு உணவில்லாமற்போகவே மதர் தெரேஸா தெருவிலிறங்கி அரிசி தேடினார். அடுத்த மாதம் டார்ஜிலிங் ரயிலில் ஏழைகளிடையே வாழும்படி தமக்கு அழைப்பு வந்ததாக அவர் சொன்னார். 1948-ல் ரோமாபுரியின் விசேஷ அனுமதி பெற்று வெளியேறினார். உள்ளே இருந்துகொண்டே அந்த வேலையைச் செய்ய வழியில்லை.

அதற்கு வழி கண்டவர் இன்னொரு அயர்லாந்து மாது. சியால்தா ரயில் நிலையத்துக்கு அருகே, இப்போது ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலை என்று வழங்கும் பழைய லோயர் ஸர்க்குலர் ரோட்டில், 1857-ல் தொடங்கிய லொரேட்டோ பகற்பள்ளி உள்ளது. 1979-ல் ஸிஸ்டர் ஸிரில் மூனி என்பவர் அதற்குத் தலைவியானார். அயர்லாந்தில் 1936-ல் பிறந்து, 1956-ல் இந்தியாவுக்கு வந்தவர். பிராணி நூலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பணம் கட்ட முடியாத வீட்டுப் பெண்களைப் படிப்படியாகச் சேர்த்தார். கடைசியில் சுமார் 1,400 மாணவிகளில் பாதிப்பேர் சம்பளம் கட்டாதவர்கள். இரு பள்ளிகள் அல்ல, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சி.

1985-ல் அதற்கும் மேலே சென்றார். மெய்யாகவே மேலே, பள்ளியின் மொட்டை மாடிக்கு! ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் வாழ்ந்த சிறுமியர் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் வரலாம். ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவிகள் முறைவைத்து வகுப்பிலிருந்து எழுந்து போய், ஒருத்திக்கு ஒருத்தியாக உட்கார்ந்து எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். எழுத்து வந்ததும் அந்தக் குழந்தையை ஒரு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். இருக்க இடமில்லாதவர்கள் இரவிலும் அங்கேயே தங்கினார்கள். வானவில் பள்ளி என்று அதற்குப் பெயர். வியாழக்கிழமைகளில் பெரிய பெண்கள் கிராமப் பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்தி வருவதும் உண்டு.

பெற்றோர்கள் முணுமுணுக்கமாட்டார்களா? எங்கள் ஊராயிருந்தால் பரீக்ஷைக் காலத்தில் இப்படி ஒரு மணி நேரம் போயிற்று என்று தெரிந்தாலே மனுக்கள் பறக்கும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண், பின்னக் கணக்கை இன்னொரு பெண்ணுக்கு விளங்கவைக்கப் படும் பாட்டில் அவளுக்கே அந்தக் கணக்கு விளங்கிவிடுகிறது. இருபது வருஷமாகக் கரும்பலகையின் முன் நின்ற அநுபவத்தில் இதை உறுதியாகச் சொல்வேன். மாணவியை மாணவியோடு மோதவிடும் போட்டியை ஸிஸ்டர் ஸிரில் விரும்பவில்லை. போட்டி ஒழிந்தால் படிப்பும் ஒழியும் என்பதற்கு அப்பள்ளி சாட்சி சொல்லவில்லை. இதில் மதம் எங்கே என்று கேட்கலாம். கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு நீதிபோதனை என்பது இவ்விதப் பள்ளிகளின் பொது வழக்கம். இந்துப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் கிறிஸ்தவப் பெண்ணும் சேர்ந்து மாடியேறுவதைத்தான் அந்த அம்மையார் தம் மதம் என்று கருதினார் போலும். மதம் மாற்றுவதற்குப் பள்ளி நடத்துகிறார்கள் என்று சந்தேகிக்கும் நண்பர்கள் இந்த மாடிப்படியையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நியாயம்.

அரசாங்கம் அவருக்கு 2007-ல் பத்மஸ்ரீ அளித்தது. 2023 ஜூன் மாதம் கல்கத்தாவிலேயே காலமானார்.

ஏழைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிகள் நாலில் ஒரு பங்கு இடம் தரவேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010-ல் அமலுக்கு வந்தது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அது சரிதானா என்ற சந்தேகம் 2025-ல் அதே கோர்ட்டிலேயே எழுந்திருக்கிறது. சியால்தாப் பள்ளி அந்தச் சட்டம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எவரும் கேளாமல், பாதி இடத்தைக் கொடுத்துவிட்டிருந்தது.