கிப்லியா, ஜூலியாவா?

2025 பெப்ரவரி 3, திங்கள்

இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி இம்மாதம் முதலாம் திகதி திரும்பவும் திறந்தாயிற்று. 2020 மார்ச்சில், கொரோனாவோடு பூட்டிய கதவு. பன்வில கடைத்தெரு முழுக்க இன்று கார்ப் பேச்சுதான். பின்னேரம் இத்தாலியின் பலெர்மோவிலிருந்து அக்காவின் மகன், என் மருமகன், அழைத்தான்.

"மாமா, இத்தாலிக்காரன் கார் ஒண்ணு எடுக்கப் போறேன். மசராட்டி கிப்லியா, அல்பா ரோமியோ ஜூலியாவா? நீங்க சொல்றதுதான் முடிவு."

தோட்டத்து கராஜில் லொறிக்கும் துரையின் காருக்கும் ஸ்பேனர் பிடித்தே தலை நரைத்தவன் நான். ஓட்டப் பழகியதும் ஒரு இத்தாலிக் காரில்தான்: பியட் 1100, ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ளது. அந்தக் காலத்தில் இந்த நாட்டில் பியட் ஒன்றும் அதிசயமில்லை. எழுபதுகளில் உபாலி விஜேவர்தனவின் கம்பனி இங்கேயே பியட் பொருத்தி விற்றது. அவன் கேட்டதில் எனக்குப் பெருமைதான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இரண்டைப் பற்றியும் படித்து முடித்தேன். கிப்லி 2013இல் வந்தது, டூரினுக்குப் பக்கத்தில் கிருல்யாஸ்கோவில் செய்தது. ஏறத்தாழ 5 மீற்றர் நீளம், 1.8 தொன் எடை. பெற்றோல் வி6 எஞ்சினை மரனெல்லோவில் பெராரியே செய்து கொடுத்தது. மூக்கில் இருக்கும் திரிசூலம் போலோஞ்ஞா நகரத்து நெப்டியூன் நீரூற்றுச் சிலையிலிருந்து எடுத்தது.

ஜூலியாவை 2015 ஜூன் 24இல், அல்பா கம்பனியின் 105ஆவது பிறந்த நாளன்று காட்டினார்கள். நீளம் 4.64 மீற்றர். கிப்லியைவிட முந்நூறு கிலோவுக்கு மேல் குறைவு. கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு கார்பன் நாரில் செய்தது. பாரம் முன்னுக்கும் பின்னுக்கும் சரிபாதி. ஸ்டீயரிங் மிகவும் விரைவானது, கொஞ்சம் திருப்பினாலே மூக்கு திரும்பிவிடும். ஓட்டோமெட்டிக் கியர்பெட்டி மட்டும் இரண்டுக்கும் ஒரே வகை: ஜெர்மன் இசட்.எப். கம்பனியின் எட்டு கியர் உள்ளது.

வத்தேகமயிலிருந்து பன்வில ஏறும் பாதையில் கால் நூற்றாண்டு லொறி ஓட்டியவனுக்கு இந்த எண்கள் நன்றாகவே பேசும். வளைவில் எதிரே பஸ் வரும். இந்தப் பக்கம் மண்மேடு, அந்தப் பக்கம் பள்ளம். அந்த இடத்தில் 400 குதிரைச்சக்தி எதற்கும் உதவாது. பாரமான வண்டி பிரேக் பிடித்ததும் நேரே போகப் பார்க்கும், திருப்பினாலும் தாமதித்துத்தான் கேட்கும். பாரம் குறைவாகவும் சமமாகவும் இருந்தால் கை நினைத்த இடத்தில் டயர் நிற்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்கு இதுதான் தகுதி என்பது என் கட்சி.

பெப்ரவரி 16, ஞாயிறு

வரிக் கணக்கை அவனே சொன்னான். இத்தாலியில் 185 கிலோவாட்டுக்கு மேற்பட்ட காருக்கு, கூடும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் வருஷம் 20 யூரோ மேல்வரி. 243 கிலோவாட் கிப்லிக்கு 58 கிலோவாட் கூடுதல், அதாவது 1,160 யூரோ. கார் ஐந்து வருஷம் கடந்தால் அது 60 சதவீதமாகக் குறையும். சாதாரண வாகன வரி வேறு. இந்த வரியை மனதில் வைத்தே கிப்லி டீசலை இத்தாலிச் சந்தைக்கு மட்டும் 184 கிலோவாட்டில் நிறுத்தி விற்றிருக்கிறார்கள். ஜூலியாவின் 2.2 லீற்றர் டீசல், 180 குதிரைச்சக்தி, 132 கிலோவாட். மேல்வரியே கிடையாது.

"அப்ப ஏன் மாமா, பழைய கிப்லி இவ்வளவு மலிவா கிடைக்குது?" என்றான். புதிதாக வாங்கியவர் இழந்த பணம் அது. விலைதான் இறங்கும், பிரேக் தட்டும் சஸ்பென்ஷனும் புதுக் காரின் விலையிலேயே நிற்கும். விலை இறங்கிய ஆடம்பரக் காரை வாங்குகிறவன் இதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும்.

மார்ச் 8, சனி

ஜூலியாவையே பார்க்கச் சொன்னேன். 2018ஆம் ஆண்டு வண்டி ஒன்று, ஒரே உரிமையாளர், சர்வீஸ் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் முத்திரை. வீடியோ அழைப்பில் அவன் ஃபோனைப் பிடித்தான், நான் இங்கிருந்து பார்த்தேன்.

முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சத்தம் சுத்தம். பிறகு டிக்கியின் தரையைத் தூக்கச் சொன்னேன், பெற்றரி அங்கேதான் இருக்கிறது. ஜூலியாவில் பெற்றரி தளர்ந்தால் டாஷ்போர்டில் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல வண்டியைக் கைவிட்டவர்களும் உண்டு. இந்த 2.2 டீசலில் டைமிங் பெல்ட் ரப்பர், செயின் இல்லை. எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் காட்டச் சொன்னேன். பெற்றோல் 2.0 எடுத்திருந்தால் எண்ணெயைத்தான் துருவியிருப்பேன். அதில் காற்றை உள்ளிழுக்கும் வால்வைத் திறப்பதே எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் மாற்றத் தவறினவன் எஞ்சினையே வருத்துகிறான். கடைசியாக டயர். முன் டயர்களின் உட்பக்கம் தேய்ந்திருந்தால் எலைன்மென்ட் கோளாறு. இரண்டும் சீராகவே தேய்ந்திருந்தன.

"எடு" என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து ஏற்றிய படம் அனுப்பியிருந்தான். அந்தத் தாழ்ந்த டயருக்கு முன் எலுமிச்சை பெரிதாகத் தெரிந்தது. அக்கா படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மொன்தே பெல்லக்ரீனோ மலையில் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஓட்டிப் போனானாம். பலெர்மோவில் இருக்கும் நம் தமிழர்கள், சைவர் கத்தோலிக்கர் என்று பாராமல் போய்க் கும்பிடும் இடம் அது.

ஜூலை 13, ஞாயிறு

செர்தா பக்கம் போய் வந்திருக்கிறான். டார்கா ஃப்ளோரியோ பந்தயம் 1906இலிருந்து ஓடிய மலைப் பாதை, பிற்காலத்தில் ஒரு சுற்று 72 கிலோமீற்றர். 1923இல் ஊகோ சிவோச்சி என்ற ஓட்டுநர் தன் அல்பாவில் நாலு இலைக் குளோவர்த் தளிரை வரைந்துகொண்டு ஓடி அங்கே வென்றார். அதே வருஷம் மொன்சாவில், தளிர் வரையாத காரைச் சோதித்தபோது இறந்தார். அந்தத் தளிர் இன்றும் அல்பாவின் வேகமான கார்களில் இருக்கிறது. நமக்கும் நுவரெலியாவில் 1934இலிருந்து மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் உண்டு. சின்ன வயதில் அதைப் பார்க்கத் துடித்தவன் இவன். இன்று டார்கா ஃப்ளோரியோ பாதையிலேயே ஓட்டுகிறான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"ஊருக்குக் கொண்டு வந்தா என்ன மாமா?" என்றான். முடியாது என்று நேராகவே சொன்னேன். அது இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி. இங்கே பதிய விடமாட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் பழையதை இறக்கவும் வழியில்லை. வலப்பக்க ஸ்டீயரிங் ஜூலியாவை இங்கிலாந்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ புதிதாக எடுக்கலாம். ஆனால் எஞ்சின் சீசீக்கு இவ்வளவு என்று உற்பத்தி வரி, வந்திறங்கும் விலை 50 இலட்சத்தைத் தாண்டினால் சொகுசு வரி, அதற்கு மேல் 18 சதவீத வற். அந்தக் காசுக்கு இந்த ஊரில் வீடு கட்டி முடிக்கலாம்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

சர்வீசுக்கு விட்டிருக்கிறான். எண்ணெய், பில்டர், பிரேக் திரவம். பெல்ட்டை அடுத்த முறை மாற்றுகிறார்கள். பலெர்மோவில் அல்பா மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை, அவன் வீட்டுத் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். தேர்வு சரியாக அமைந்ததில் பாதி அவரால்தான்.

இத்தாலிக் கார் வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் இதையே எழுதி வைக்கிறேன். சின்னத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தக் காரைத் திறக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டும் இருந்தால் ஜூலியாவை எடுங்கள்.